வெள்ளிக்கிழமை எடை

எங்கள் மண்டியில் வெள்ளிக்கிழமை என்றால் தராசுக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை அது மூட்டைகளைச் சுமந்துகொண்டே இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் தேனும் வரும். கீழேயிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரும். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடத்தில் மட்டும் தராசின் அந்த ஒரு நாள் ஓய்வும் பறிபோனது. நோன்புக்கு முந்தைய சில மாதங்கள், வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்து அத்தா வீட்டுக்கு வந்ததும் அது ஓர் ஆளை நிறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆள் என் சாச்சி, அம்மாவின் தங்கை.

சாச்சிக்குத் தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்பதாக அம்மா தன் தாய்க்குக் கடைசி நேரத்தில் வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கு அம்மாவின் தொண்டையில் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. யாராவது கல்யாணம் என்று பேச்செடுத்தால் அம்மாவுக்கு இருமல் வரும்.

ஆத்தூரிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் வீட்டுச் சம்பந்தம் ஒன்று வந்தது. மாப்பிள்ளையின் தாயார் தன் உறவுப் பெண்களோடு வந்து சாச்சியைப் பார்த்தார். பிரியாணி நன்றாக இருந்ததாகச் சொன்னார். சாச்சியை ஓதச் சொல்லிக் கேட்டார். பிறகு அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்தார். விரல்கள் சுற்றி வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன. அவர் அதை மற்றப் பெண்களுக்கும் தூக்கிக் காட்டினார்.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். ஒடம்புலதான் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தேத்துங்க. நோன்புக்கு முன்னால வந்து இன்னொரு வாட்டி பாக்கறோம்" என்றார்.

அம்மாவுக்கு அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லாமல் தவணை கொடுத்தார்களே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சாச்சி அன்று மாலை கிணற்றடியில் நின்று, அந்தக் கையை மட்டும் சவுக்காரம் போட்டுக் கழுவியதை நான் பார்த்தேன். பிரியாணி வாசனை போகக் கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எடை போடலாம் என்ற யோசனை அத்தாவுடையது. அத்தா நல்ல மனிதர். ஆனால் எதையும் நிறுத்துப் பார்க்காமல் அவரால் நம்ப முடியாது. அவருக்கு மனிதர்களின் பேர் மறந்துபோகும். போன வருடம் அவர்கள் கொண்டுவந்த சரக்கின் எடை மறக்காது. "தேத்தறோம் தேத்தறோம்னு கண்ணால பாத்துக்கினு இருந்தா இன்னா தெரியும்? வாராவாரம் நிறுத்துப் பாத்தா ஏறுதா எறங்குதான்னு தெரிஞ்சுபூடும்" என்றார். அம்மாவுக்கு அது நியாயமாகவே பட்டது. சாச்சியை யாரும் கேட்கவில்லை.

அந்தத் தராசைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரும்பு மேடையும் அதன் முனையில் தூணும், தூணின் மேல் குறுக்குச் சட்டமும் கொண்ட பெரிய தராசு. சட்டத்தில் ஒரு பித்தளைக் குண்டு நகரும். குண்டு சரியான இடத்துக்கு வந்ததும் சட்டத்தின் நுனி மேலேயும் தட்டாமல் கீழேயும் தட்டாமல் மெல்ல ஆடும். சர்க்கார் கிலோவைக் கொண்டுவந்த காலத்தில் அத்தா அதை வாங்கினார். அதற்கு முன்பு எங்கள் மண்டியில் தினமும் சண்டைதான். மலையில் வள்ளம் என்று ஓர் அளவு உண்டு. ஓர் ஊர் வள்ளம் இன்னோர் ஊர் வள்ளத்தோடு ஒத்துப்போகாது. கச்சிராயபாளையத்துப் படிக்கும் நைனார்பாளையத்துப் படிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆளுக்கு ஒரு மரக்காலைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னுடையதுதான் நிஜம் என்பார்கள்.

தராசுக்கு முத்திரை போட வந்த ஆபீசர், டீ குடித்துக்கொண்டே அத்தாவிடம் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். பிரான்சு தேசத்தில், கண்ணாடி மூடிக்குள் கண்ணாடி மூடியாக, பூட்டின அறையில் ஒரு கிலோக் கட்டி இருக்கிறது, உலகத்தில் இருக்கிற கிலோ எல்லாம் அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் என்றார். அத்தா சொக்கிப்போனார். வருகிற விவசாயிகளிடமெல்லாம் தன் எடைக்கல்லைத் தூக்கிக் காட்டி, "இது யார் வூட்டுப் புள்ள தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். அவர்கள் மூட்டையை இறக்கிவிட்டு முழுக் கதையையும் கேட்டாக வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க அத்தா என்னைத்தான் முதலில் ஏற்றினார். குண்டு கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது. "ஒரு அரை மூட்டை புளிகூட இல்ல நீ" என்று இறக்கிவிட்டார். பிறகு சாச்சி ஏறினாள். வீட்டுக்கும் மண்டிக்கும் நடுவே ஒரு கதவுதான். கூலியாட்கள் யாரும் இல்லாத நாள்தான். ஆனாலும் அவள் வெள்ளைத் துப்பட்டியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டுதான் வந்தாள்.

அத்தா குண்டைத் தள்ளிப் பார்த்து எடையைச் சொன்னார். சொன்ன கையோடு, "துப்பட்டிக்கு அரைக் கிலோ கழிச்சுக்கணும்" என்றார். மூட்டைக்குச் சாக்குக் கழிவு போட்டுப் பழகிய வாய்.

"ஏற்கெனவே கம்மியா இருக்கு, இதுல நீங்க வேற கழிக்கறீங்களா?" என்றாள் அம்மா.

"கழிவு கழிவுதான். வளையலுக்கும் கொஞ்சம் போவும். தலைக்குத் தண்ணி ஊத்தியிருக்கா, ஈரக் கழிவு ஒண்ணு இருக்கு."

எல்லாம் கழித்து, சாச்சிக்கு முப்பத்தெட்டு கிலோ நின்றது. அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். போன வருடம் வைத்தியரிடம் நிறுத்தபோது அவள் எண்பது ராத்தலுக்கு மேலே இருந்ததாக அம்மாவுக்கு ஞாபகம். "இன்னாங்க இது, பொண்ணு பாதியா பூட்டாளே" என்றாள். ஒரு கிலோ என்றால் இரண்டு ராத்தலுக்கும் மேலே என்று அத்தா விளக்கிச் சொன்னார். இரண்டும் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அம்மா, "ராத்தல்லயே சொல்லுங்க, கேக்கவாவது நல்லா இருக்கும்" என்றாள்.

மறுநாளிலிருந்து சாச்சியின் அறைக்குச் சாப்பாடு அணிவகுத்தது. காலையில் நாட்டுக்கோழி முட்டையும் பாதாம் பாலும். பத்து மணிக்கு மலைத்தேனில் ஊறவைத்த பேரீச்சம்பழம். மத்தியானம் நெய்ச்சோறு. மாலையில் நல்லியெலும்பு சூப்பு, அதில் மிளகும் இஞ்சியும் தட்டிப்போட்டு, தெருமுனைவரை மணக்கும். நாலு பேர் முன்னால் சாப்பிட்டால் கண் பட்டுவிடும் என்று அம்மா அவளை அறைக்குள்ளேயே சாப்பிடச் சொன்னாள். நான் அந்த அறையில்தான் படுப்பேன், படிப்பேன். பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பின் தெருவில் என்பதால் பத்து மணி இடைவேளைக்குக்கூட ஓடிவந்துவிடுவேன்.

சாச்சி முதல் நாளே கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஆ காட்டு" என்றாள்.

நான் காட்டினேன். அன்று தொடங்கி தினமும் காட்டினேன். முட்டை, பால், பேரீச்சம்பழம், சூப்பு, எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை, எல்லாம் என் வாய்க்குள் போனது. "அம்மா கேட்டா சொல்லாத, இன்னா?" என்பாள். நான் தலையாட்டுவேன். உலகத்தில் என் மேல் இவ்வளவு பிரியம் வைத்த ஆள் வேறு யாரும் இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அம்மா மூன்று பேருக்குப் பங்கு வைத்து, எனக்குக் கடைசியாக ஒரு துண்டு போடுகிறவள். சாச்சியோ முழுக் கிண்ணத்தையும் எனக்கே கொடுக்கிறாள். எனக்கு ஊட்டும்போது அவள் வாயும் கூடவே திறந்து மூடும். சூப்பு வந்ததும் சில நாள் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவளுக்கு அந்த வாசனை ஆகாது என்று முடிவு கட்டியிருந்தேன். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற ராத்திரிச் சாப்பாட்டிலும் அவள் கொஞ்சமாகத்தான் போட்டுக்கொள்வாள். நாள் முழுக்கச் சாப்பிட்டவளுக்கு எப்படிப் பசிக்கும் என்று அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. குண்டு முப்பத்தெட்டிலேயே நின்றது. ஒரு வாரம் அதற்கும் கொஞ்சம் இறங்கியது. சாச்சி ஒவ்வொரு வாரமும் சொன்னபடி ஏறி, சொன்னபடி இறங்கினாள். துப்பட்டிக்குள் முகம் தெரியாது.

அம்மா ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டாள். முதலில் எதிர்வீட்டுக்காரியின் கண். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதிய தண்ணீர் வந்தது. பிறகு வயிற்றுப் பூச்சி. பூச்சி மருந்து கொடுத்தாள். அதை மட்டும் சாச்சி எனக்குத் தராமல் தானே குடித்தாள். பிறகு பால்காரர். கடைசியில் வேறு யாரும் மிச்சமில்லாமல், "ஒங்க தராசு பொய் சொல்லுது" என்று அத்தாவிடமே சொல்லிவிட்டாள்.

வீட்டில் அதுவரை எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது. ஆனால் அத்தாவின் தராசை யாரும் குறை சொன்னதில்லை. அவர் எழுந்து மண்டிக்குப் போய் எடைக்கற்களை எல்லாம் ஒவ்வொன்றாக மேடையில் அடுக்கி, அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்துக் காட்டினார். இம்மி பிசகவில்லை. "பிரான்சுலேருந்து வந்த கணக்கு இது. இது பொய் சொல்லாது. வேற யாரோதான் பொய் சொல்றாங்க" என்றார். யாரென்று அவருக்கும் தெரியவில்லை.

இதற்கு நடுவே எனக்குப் பாவாடை இறுக்கமாகிவிட்டது. தையல்காரர் பிரித்து விட்டுத் தந்தார். கொஞ்ச நாளில் அதுவும் இறுகியது. வளர்கிற பிள்ளை என்றாள் அம்மா. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பட்டப்பேர் வந்தது. அதை இங்கே சொல்லுவதாக இல்லை.

ஆத்தூர்க்காரர்கள் வருவதாகச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அம்மா அடுப்பில் சூப்புக்கு எலும்பு ஏற்றியிருந்தாள். சாச்சி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மண்டிக் கதவருகே வந்து நின்றாள். அத்தா தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மேடை காலியாக இருந்ததால் நான் அதில் ஏறிக் குதித்தேன். சட்டம் கடகடவென்று ஆடியது.

"ஆடாத நில்லு" என்று அத்தா விளையாட்டாகக் குண்டைத் தள்ளினார். முதல் வாரம் நின்ற இடத்துக்குத் தள்ளினார். அந்த இடம் அவருக்கு ஞாபகம் இருந்தது. சட்டம் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அப்போதும் இறங்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. சரக்கு நிறுக்கும்போது வருகிற முகம் வந்தது. மெல்ல மெல்ல நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தி, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலைல இன்னாம்மா சாப்ட்ட?" என்றார்.

சாச்சி அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் சொல்லியிருந்தாள். அத்தாவைப் பற்றி ஒன்றும் பேச்சில்லை. நான் பெருமையோடு வரிசையாகச் சொன்னேன். முட்டை சொன்னேன், பாதாம் பால் சொன்னேன், தேனில் ஊறின பேரீச்சம்பழம் சொன்னேன். நேற்றைய சூப்பையும் சேர்த்துக்கொண்டேன். சாச்சி எனக்கு எப்படி ஊட்டுவாள் என்று வாயைத் திறந்தும் காட்டினேன்.

அத்தா கதவுப்பக்கம் திரும்பினார். சாச்சி துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கிக்கொண்டு நின்றாள். அத்தாவின் முன்னால் அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, ஒனக்கு இந்த எடம் புடிக்கலியா?" என்றார் அத்தா.

"என்ன யாரும் கேக்கலியே மச்சான். ஏறச் சொன்னீங்க, ஏறினேன்."

அத்தா தராசின் பக்கம் திரும்பினார். என்னை இடுப்பில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினார். வழக்கம்போல மேடையை நோக்கிக் கால் எடுத்து வைத்த சாச்சியிடம், "வேணாம்மா. நீ உள்ள போ" என்றார். குண்டை ஆரம்பத்துக்குத் தள்ளிவிட்டு, ஓரமாகக் கிடந்த சாக்கு ஒன்றை உதறித் தராசின் மேல் போர்த்தினார்.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் சின்னசேலம் வழியாக ஆத்தூர் போனார். சாயங்காலம் திரும்பினார். என்ன சொன்னீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, "பொண்ணுக்கு எடை ஏறல, இனிமேலும் ஏறாது, வேற எடம் பாத்துக்கங்கன்னு சொன்னேன்" என்றார். எடை விஷயத்தில் அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

அம்மா அழுதாள். "சோறு போடாத வூடுன்னு ஊரு பேசாதா?" என்று கேட்டாள். அத்தா எல்லாவற்றையும் சொன்ன பிறகு என் கன்னத்தை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் சுடுகிறது. பிறகு சாச்சியின் அறைக்குப் போய், "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கி, உலுக்கின கையாலேயே அணைத்துக்கொண்டாள். அக்காளும் தங்கையும் சேர்ந்து அழுதார்கள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் காரணம் வேறு.

அடுத்த வருடம் சின்னசேலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, பெண் பார்க்க வருவதற்கு முன்பே அம்மா சமையலறையில் வைத்துச் சாச்சியைக் கேட்டாள். சாச்சி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்து, சரி என்றாள். நிக்காஹ் அன்று பெரியவர்கள் வந்து வழக்கப்படி பெண்ணின் சம்மதத்தைக் கேட்டபோது, வாசற்படியில் நின்ற அத்தா, "நாங்க முன்னாடியே கேட்டுட்டோம்" என்று யாரும் கேட்காமலே சொன்னார். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். அந்தப் பிரான்சு தேசத்துக் கிலோவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம். அதையும் அதன் நகல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் இம்மியிலும் இம்மியாக வித்தியாசம் தெரிந்ததாம். ஏறினது எது, இறங்கினது எது என்று விஞ்ஞானிகளால் சொல்ல முடியவில்லையாம். அத்தா இருந்திருந்தால் ஒரு வேளை சாப்பாடு இறங்கியிருக்காது அவருக்கு. பாவம்.

எனக்கு அதைப் படித்ததும் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு அப்போது இன்னும் விஷயம் தெரியாது. அதனால் சூப்பு வழக்கம்போல அறைக்கு வந்தது. பெரிய கிண்ணத்தில், ஆவி பறக்க, மேலே கொத்தமல்லி மிதக்க வந்தது. நான் பாடப்புத்தகத்தை மூடிவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆ காட்டினேன்.

சாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து வாயில் வைத்தாள். சூடு தாங்காமல் எடுத்தாள், உடனே மறுபடி வைத்தாள். முழுக்கக் குடித்தாள். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, கடித்து, தட்டி, உள்ளே இருந்ததை உறிஞ்சினாள். கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, "அக்கா, சோறு இருக்கா?" என்று குரல் கொடுத்தாள். அவளுக்கு மூக்கெல்லாம் வியர்த்திருந்தது. கண்ணிலும் தண்ணீர். மிளகு காரம் என்று நினைத்தேன்.

நான் வெகுநேரம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். சாச்சிக்கு என் மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்று புரிந்துகொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, தலையணை நனைய அழுதேன். அத்தனை மாதமும் அவளுக்குப் பசித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.